அப்பா ஒட்டிய தாள்கள்

பழுப்பேறிய செலோடேப்பைப் பார்த்தால் எல்லோருக்கும் மனசு பதறுகிறது. போன வருஷம் ஒட்டிய, இன்னும் பளிச்சென்று இருக்கிற டேப்பைப் பார்த்து யாரும் பதறுவதில்லை. எனக்குப் பயம் தருவது இந்த இரண்டாவது டேப்தான். பழைய தாள்களைச் செப்பனிடும் தொழிலில் இத்தனை காலம் இருந்து என்ன கற்றுக்கொண்டாய் என்று கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன். காதில் விழுந்தது தொழிலுக்கு வந்த புதிதில். மனசில் இறங்கியது அப்பா காலமான பிறகு, மந்தைவெளி வீட்டில் அவருடைய பீரோவைத் திறந்தபோது.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் ஒரு நூலகத்தின் பைண்டிங் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். பேச்சு குறைவு. மயிலாப்பூர் மாடவீதிக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் மேசை போட்டு, கோவில் கணக்குகள், பழைய கச்சேரி அழைப்பிதழ்கள், வக்கீல் வீட்டுப் பத்திரங்கள் என்று வருவதையெல்லாம் செப்பனிட்டுக் கொடுப்பார். நான் சேர்ந்த முதல் வாரமே ஒரு கட்டுக் கடிதங்களை என் முன்னால் வைத்தார். கிழிந்த இடமெல்லாம் டேப். சில கடிதங்களில் டேப்பின் பிலிம் உதிர்ந்துபோய், கரும்பழுப்புப் பட்டைகள் மட்டும் மிஞ்சியிருந்தன. நான் அவற்றைத்தான் முதலில் எடுத்தேன். ஆஸ்பத்திரிக்கு ரத்தம் வழிய வருகிறவரைத்தானே முதலில் பார்ப்பார்கள்?

“பழுப்பானது இனிமே எங்கயும் போகாதும்மா. வெள்ளையா இருக்கு பாரு, அதை முதல்ல எடு” என்றார்.

எடுத்தேன். ஏன் என்று அவர் விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை. சொன்னபடி செய்துகொண்டிருந்தேனே தவிர, மனசு ஒப்பவில்லை. கண்ணெதிரே பாழாகிக் கிடக்கிற தாளை ஒதுக்கிவிட்டு, ஒரு குறையும் தெரியாத தாளோடு காலை முழுவதும் மல்லுக்கட்டுவது எனக்கு நியாயமாகவே படவில்லை.

அப்பா அரசாங்கத்தில் கணக்கு வேலை பார்த்தவர். எந்தத் தாளையும் தூக்கிப்போட மாட்டார். கிழிந்தால் ஒட்டுவார். ஒட்டினால் ஓரத்தில் தேதி போடுவார். ‘12-4-78 ஒட்டியது’ என்று பொடி எழுத்தில் இருக்கும். கோப்பில் ஒரு எண்ணைத் திருத்தினாலும் தேதி போட்டுச் சுருக்கொப்பம் இட வேண்டும் என்பது ஆபீஸ் பழக்கம். அது வீட்டுக்கும் வந்துவிட்டது. வாடகை ரசீது, பாட்டியின் ஜாதகம், தஞ்சாவூர்ப் பக்கத்து நிலப் பத்திரம், எங்களுடைய பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டு, மார்கழிக் கச்சேரிகளின் நிகழ்ச்சி நிரல், எல்லாவற்றிலும் அந்தத் தேதி உண்டு.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை: நான் இந்தத் தொழிலுக்கு வந்த பிறகும் அப்பா டேப் ஒட்டிக்கொண்டுதான் இருந்தார். பகலெல்லாம் பிறர் வீட்டுத் தாளிலிருந்து டேப்பைப் பிரித்துவிட்டு நான் வீட்டுக்கு வருவேன். அப்பா கூடத்தில் உட்கார்ந்து, நகத்தால் சுருளின் முனையைத் தேடிக்கொண்டிருப்பார். வேண்டாம் என்று ஒருநாளும் நான் சொன்னதில்லை. வாய் வரவில்லை. கிழிசலின் இரண்டு ஓரங்களையும் இம்மி பிசகாமல் சேர்த்து, மேலே டேப்பைப் படியவிட்டு, கட்டைவிரலால் தேய்த்துக் காற்றை வெளியேற்றி, “பாரு, தெரியறதா?” என்று என் பக்கம் நீட்டுவார். “தெரியலைப்பா” என்பேன். அது உண்மைதான். ஒட்டிய அன்று தெரியாது. டேப் மேல் உலகத்துக்கு இத்தனை நம்பிக்கை வந்ததே அதனால்தான்.

அந்த நம்பிக்கைக்கு இன்னும் நூறு வயசு ஆகவில்லை. அமெரிக்காவில் த்ரீ எம் நிறுவனத்தில் வேலை பார்த்த ரிச்சர்ட் ட்ரூ, பெயின்ட் அடிப்பவர்களுக்காக 1925இல் மாஸ்கிங் டேப்பை உருவாக்கினார். 1930இல் செலோபேனில் ஒளி ஊடுருவும் டேப் வந்தது. அது பெரும் பொருளாதார மந்தக் காலம். புதிதாக எதையும் வாங்க முடியாத குடும்பங்கள் கிழிந்த புத்தகத்தையும் உடைந்த பொம்மையையும் அதை வைத்தே ஒட்டிப் பிழைத்தன. அதே 1930இல்தான் நம் எழும்பூர் அருங்காட்சியகத்தில் பழம்பொருள்களைக் காப்பதற்கான வேதியியல் ஆய்வுக்கூடம் தொடங்கியது. செப்புத் திருமேனிகளில் பரவிய அரிப்பை எப்படி நிறுத்துவது என்று வேதியியலாளர் பரமசிவன் அங்கே ஆராயத் தொடங்கினார். அதே காலத்தில் உலகத்தின் இன்னொரு மூலையில், பின்னால் வரப்போகிற தாள் செப்பனிடுவோருக்கு ஆயுள் முழுவதற்குமான வேலை சுருள் சுருளாகத் தயாராகிக்கொண்டிருந்தது.

அந்தக் காலத்து டேப்பில் மேலே இருப்பது செலோபேன், மரக்கூழிலிருந்து வருவது. கீழே இருக்கிற பசை, இயற்கை ரப்பரும் பைன் மரப் பிசினும் சேர்ந்த கலவை. தொல்லையெல்லாம் இந்த ரப்பரில்தான். காற்றில் இருக்கிற ஆக்சிஜன் அதைத் தின்னத் தொடங்கும். ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் அறுபட்டு, பசை இளகி எண்ணெய்ப் பதத்துக்கு வரும். இளகியது மேலே நிற்காது, தாளின் நாருக்குள் இறங்கும். இறங்கிய இடத்தில் அறுந்த சங்கிலிகள் ஒன்றோடொன்று குறுக்கும் நெடுக்கும் பின்னிக்கொண்டு இறுகும். இறுகிய பிறகு நிறம் கறுக்கும், தாள் மொறுமொறுப்பாகும், எந்தக் கரைப்பானுக்கும் எளிதில் அசையாது. பிடித்துக்கொள்ளப் பசை இல்லாததால் மேலிருக்கும் பிலிம் தானாகவே உதிரும். அமெரிக்க வேதியியலாளர் ராபர்ட் ஃபெல்லர் 1982இல் இந்தச் சீரழிவைப் படிப்படியாகப் பிரித்து எழுதினார். முதலில் ஒன்றுமே நடக்காததுபோல் ஒரு காலம். அது முடிந்ததும் வேகமாக ஒரு சரிவு. கடைசியில் இறுக்கம்.

நான் இதையெல்லாம் படித்திருந்தேன். படித்ததை அப்பாவின் கையெழுத்தில் பார்த்தது பீரோவைத் திறந்த அன்றைக்குத்தான்.

சாப்பாட்டு மேசையில் துணி விரித்து, தேதிவாரியாகத் தாள்களைப் பரப்பினேன். எழுபதுகளில் ஒட்டியவற்றில் பிலிம் கையோடு வந்தது, ஊதினால்கூடப் போய்விடும். கீழே தாள் கருகியதுபோல் இருந்தது. மடித்தால் ஒடியும். எண்பதுகளில் ஒட்டியவற்றில் பிலிமின் ஓரங்கள் சுருண்டு, நடுவில் மட்டும் கொஞ்சம் பிடிப்பு. 2004 என்று தேதி போட்டிருந்த சில தாள்களில்தான் என் கை நின்றது. அவர் எங்கேயோ மலிவாக வாங்கிய சுருள் போலிருக்கிறது, ரப்பர் பசை. டேப் பட்ட இடம் மட்டும் எண்ணெய் ஊறியதுபோல ஒளி ஊடுருவி, பின்பக்கத்து எழுத்து முன்பக்கம் தெரிந்தது. பக்கத்துத் தாளும் அதோடு ஒட்டியிருந்தது. நுனிவிரலால் தொட்டுப் பார்த்தேன், பிசுபிசுவென்று இருந்தது. அதற்குப் பின்னால் வந்தவை பளிச்சென்று இருந்தன. ஒட்டினவர் ஒருவர், பீரோ ஒன்று, இந்த ஊரின் வெயிலும் கடற்காற்றும் எல்லாத் தாளுக்கும் ஒன்றுதான். வருஷம் மட்டும்தான் வேறு. ஆய்வுக்கூடத்தில் சூடேற்றிச் சூடேற்றிச் செய்து பார்க்கிற சோதனையை, அப்பா தெரியாமலே நாற்பது வருஷம் பீரோவுக்குள் நடத்தி, தேதியும் போட்டு வைத்திருக்கிறார்.

மாடி அறையில் கேட்ட அந்தச் சொல்லின் நியாயம் அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. 1978இல் ஒட்டிய தாளுக்கு ஆக வேண்டிய கெடுதல் பெரும்பாலும் ஆகிவிட்டது. இன்றைக்குப் பார்த்தாலும் ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தாலும் அதன் நிலைமையில் பெரிய வித்தியாசம் வராது. 2004ஆம் வருஷத்துத் தாளுக்கு அப்படி இல்லை. பசை இன்னும் கரையும் பதத்தில் இருக்கிறது, இந்தக் கோடையில் எடுக்கலாம், இன்னும் சில கோடை போனால் எடுக்க முடியாது. காத்திருக்கக் கூடாத தாள் அதுதான்.

வேலையைச் சொல்கிறேன். முதலில் தாளின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்துக்கொள்வேன். பிறகு மை. டேப்பைவிட மைதான் என்னை அதிகம் யோசிக்க வைக்கும். பேனா மையில் ராயல் ப்ளூ தண்ணீர் பட்டால் ஓடும். பால்பாயிண்ட் மை தண்ணீருக்கு அசையாது. ஆல்கஹாலிலும் அசிட்டோனிலும் கரைந்துவிடும். ஆபீஸ் ரப்பர் ஸ்டாம்பின் ஊதா மையும் ஆல்கஹாலுக்கு நிற்காது. காப்பியிங் பென்சிலால் எழுதியது பார்க்கச் சாதாரணப் பென்சில் போலத்தான் இருக்கும். ஒரு சொட்டு ஈரம் பட்டால் ஊதாவாகப் பரவும். ஒரே பத்திரத்தில் இவை எல்லாமே இருக்கலாம். அதனால் ஒவ்வொரு மையின் கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில், ஒவ்வொரு கரைப்பானையும் ஊசிமுனை அளவு வைத்து, ஒற்றுத்தாளால் ஒற்றி, நிறம் வருகிறதா என்று பார்த்த பிறகுதான் டேப் பக்கம் போவேன்.

பிலிமை எடுக்கப் பெரும்பாலும் இளஞ்சூடே போதும். சூடாக்கிய மெல்லிய ஸ்பேட்டுலாவைப் பிலிமுக்கும் தாளுக்கும் நடுவில் மெதுவாக நுழைத்து, விடுபட்ட பிலிமைத் தாளோடு தாளாகப் படுக்கவைத்துப் பின்னோக்கி இழுக்க வேண்டும். மேல்நோக்கித் தூக்கினால் தாளின் தோலும் சேர்ந்து வந்துவிடும். பிலிம் போன பிறகு பிசுபிசுப்பு மிஞ்சும். அதைக் கிரேப் ரப்பர் துண்டால் உருட்டி உருட்டி எடுக்கலாம். ரப்பரை ரப்பராலேயே எடுப்பது எனக்கு இன்றும் பிடித்தமான வேலை. நாருக்குள் இறங்கியதற்குத்தான் கரைப்பான் வேண்டும்; எத்தில் அசிட்டேட்டோ அசிட்டோனோ, கீழே ஒற்றுத்தாள் வைத்து, துளித் துளியாக. அதிகமாக விட்டால் கறை கரைந்து வெளிப்பக்கம் ஓடி, எல்லையில் ஒரு பழுப்பு வளையமாகப் படியும். முதல் கறையைவிட அது அசிங்கம்.

சென்னையில் இந்த வேலைக்கு நேரம் காலம் உண்டு. சித்திரை வெயிலில் அசிட்டோன் தாளைத் தொடுமுன்பே ஆவியாகிவிடும். விசிறியையும் போட முடியாது, தாள் பறக்கும்; ஜன்னலைச் சாத்தவும் முடியாது, கரைப்பான் ஆவி நெஞ்சை அடைக்கும். ஐப்பசி மழையிலோ, கிழிசலுக்குப் போட்ட மாவுப் பசை காயாமல் பூஞ்சை பிடிக்கும். ஆகையால் கஷ்டமான தாள்களை நான் மார்கழிக் காலைக்கு வைத்துக்கொள்வேன். விடியற்காலையில் திருப்பாவை ஒலிபெருக்கியில் கேட்கத் தொடங்கும்போது மேசைக்கு வந்துவிட்டால், வெயில் ஏறுவதற்குள் நிதானமாக ஒரு பக்கத்தையாவது முடிக்கலாம்.

2010க்குப் பிறகு அப்பா ஒட்டிய டேப்புகள் வேறு ஜாதி. இப்போது கடையில் கிடைப்பதில் பெரும்பாலானவற்றுக்குப் பிலிம் பிளாஸ்டிக், பசை அக்ரிலிக். இது ரப்பர்போலச் சீக்கிரம் பழுக்காது. அதனால் கெடுதல் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. பசை மெல்ல மெல்ல நாருக்குள் ஊர்ந்து போகும். பிடி வருஷத்துக்கு வருஷம் இறுகும். ஒட்டிய புதிதில் இளஞ்சூட்டில் முனகாமல் வருகிற அதே டேப், பிந்தி எடுத்தால் தாளைக் கொண்டுபோகும். சிலவற்றில் மங்கலான, மேலே எழுதக்கூடிய டேப் இருந்தது. அந்த வகை 1961இல் சந்தைக்கு வந்தது. அதில் அப்பா தேதியை டேப்பின் மேலேயே எழுதியிருந்தார். டேப்பை எடுத்தால் அவர் எழுத்தும் போகும். அந்தத் துண்டுகளைத் தனியே எடுத்து, பாலியெஸ்டர் உறையில் இட்டு, எந்தத் தாளில் எந்த இடம் என்று எழுதி அதே கோப்பில் வைத்திருக்கிறேன். தாளின் சரித்திரத்தில் அப்பாவும் ஒரு பகுதி. அவர் தப்பு செய்தார் என்று எனக்கு எப்போதும் தோன்றியதில்லை. அந்தத் தாள்கள் இன்றைக்கு என் கையில் இருப்பதற்கு அவர் ஒட்டியதும் ஒரு காரணம்.

அதிகம் தவித்தது அம்மாவின் பாட்டு நோட்டில். கல்யாணத்துக்கு முன் பாட்டு வாத்தியாரிடம் கற்றுக்கொண்டபோது பென்சிலில் எழுதிய ஸ்வரங்கள். முதுகு விட்டுப்போன பக்கங்களை அப்பா டேப் போட்டுச் சேர்த்திருந்தார்; பல இடங்களில் டேப் ஸ்வரத்தின் மேலேயே போகிறது. பென்சில் கரி தாளுக்குள் இறங்குவதில்லை, மேலே பொடியாக உட்கார்ந்திருக்கிறது. பசை அதைப் பிடித்துக்கொண்டால், டேப்பை இழுக்கும்போது ஸ்வரம் டேப்போடு வந்துவிடும். அதனால் இங்கே இழுக்கும் பேச்சே இல்லை. கரைப்பானில் நனைத்த ஒற்றுத்தாளைச் சின்னக் கண்ணாடிக் கிண்ணத்துக்குள் பதித்து, டேப்பின் மேல் கவிழ்த்து வைத்தேன். ஆவி மட்டும் இறங்கி, பசை தானாகத் தளர்ந்து, பிலிம் மிதக்கிற பதம் வர வேண்டும். வந்த இடங்களில் எழுத்து முழுசாகத் தாளில் தங்கியது. ஒரு பக்கத்தில் வரவில்லை. பூதக்கண்ணாடியில் பார்த்தால் கரி பாதிக்கு மேல் பசைக்குள் அமிழ்ந்திருந்தது. கிண்ணத்தை எடுத்துவிட்டு அதோடு நிறுத்திக்கொண்டேன்.

நோட்டைப் புரட்டிய அம்மா அந்தப் பக்கத்தில் நின்றாள். “இதை மட்டும் ஏன் விட்டுட்டே?”

“எடுத்தா ஸ்வரமும் வந்துடும்மா.”

“அப்ப இருக்கட்டும்.”

மனுஷர் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள்! எனக்கோ அப்படி நிறுத்த வர எத்தனையோ காலம் ஆயிற்று. இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்குள் ஓர் ஆசை உண்டு. கறை முழுசாகப் போய்த் தாள் வெளுத்து நிற்க வேண்டும், பார்க்கிறவர் வாய் பிளக்க வேண்டும். எனக்கு அது நிறையவே இருந்தது. கறை போக வேண்டும் என்பதற்காக இன்னும் ஒரு துளி, இன்னும் ஒரு துளி என்று போகும் கை, ஒரு கட்டத்துக்கு மேல் தாளுக்காக வேலை செய்வதில்லை. பசையை எடுத்துவிட்டால் தாளுக்கு வரவிருக்கும் கெடுதல் நின்றுவிடும். அதற்குப் பிறகு மிஞ்சுகிற பழுப்பு பார்வைக்கு உறுத்தலே தவிர தாளுக்கு ஆபத்து இல்லை என்று தெரிந்தால், அங்கேயே விட்டுவிடுவேன். பழைய வாரப் பத்திரிகைகளில் இந்தக் கட்டுப்பாடு இன்னும் அதிகம் வேண்டும். மயிலாப்பூர் வீடுகளில் 1950இல் கல்கியில் ‘பொன்னியின் செல்வன்’ தொடங்கியதிலிருந்து கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த தொகுதிகள் எத்தனையோ இருக்கின்றன. அவை அச்சானது மட்ட ரகத் தாளில். நார் குட்டை, வலு இல்லை. அதில் நன்றாக ஒட்டிய டேப்பை எடுக்கப் போனால் மணியம் வரைந்த படமும் டேப்போடு வந்துவிடலாம். அப்படிப்பட்டவற்றை இருக்கிறபடி பத்திரப்படுத்தச் சொல்லிப் பலரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

பெரிய இடங்களிலும் இதே கதைதான். சாக்கடல் சுருள்களின் ஆயிரக்கணக்கான துணுக்குகளை 1950களில் ஜெருசலேமில் அறிஞர்கள் சேர்த்துப் பார்த்தபோது, பக்கத்துத் துணுக்கோடு டேப் போட்டே ஒட்டினார்கள். இரண்டாயிரம் வருஷம் குகையில் தாக்குப்பிடித்த தோலை, டேப்பின் பசை சில பத்தாண்டுகளில் கறுக்கவைத்தது. அதை எடுப்பதற்கென்றே 1991இல் அங்கே ஒரு ஆய்வுக்கூடம் ஏற்பட்டு, வேலை தலைமுறை தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. 2018இல் இத்தாலிய வேதியியலாளர்களும் ஒரு தாள் பாதுகாப்பாளரும் சேர்ந்து, கரைப்பானை ஜெல்லுக்குள் அடக்கி, 16ஆம் நூற்றாண்டுச் சித்திரம் ஒன்றின் மேலிருந்த டேப்பை எடுத்தார்கள். கீழே, இது மைக்கேலாஞ்சலோவின் கைவண்ணம் என்று யாரோ எழுதிவைத்த வரி வெளியே வந்தது. ஜெல்லில் நன்மை என்னவென்றால் கரைப்பான் ஓடாது, வைத்த இடத்தில் மட்டும் வேலை செய்யும். தண்ணீரில் கரைகிற கோந்துக்கும் பழுப்புக் காகித டேப்புக்கும் நான் அகர் ஜெல் வைக்கிறேன். ராமநாதபுரம் கடலோரத்தில் பெண்கள் மூழ்கி எடுக்கிற பாசியிலிருந்து வருவதுதான் இந்த அகர்.

கோந்தைப் பற்றிச் சொன்னதால் ஒரு வார்த்தை. டேப் வருமுன் நம் வீடுகளில் தாளை ஒட்டியது சோற்றுப் பருக்கை. பைண்டர்கள் மைதா காய்ச்சினார்கள். உலகம் முழுவதும் தாள் செப்பனிடுபவர்கள் இன்றைக்கும் கிழிசலுக்குப் போடுவது ஜப்பானிய டிஷ்யூவும் கோதுமை மாவுச்சத்துப் பசையும்தான். ஈரம் காட்டினால் பசை விட்டுக்கொடுக்கும். நூறு வருஷம் கழித்து வருகிறவர் பிரித்துப் பார்க்கலாம். ராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் அது விருந்து என்பது மெய். அதற்காகப் பைண்டர்கள் பசையில் மயில்துத்தம் போடுவதுண்டு. துத்தத்தில் இருக்கிற செம்பு, தாளைக் காலப்போக்கில் அரிக்கும். எனவே நான் துத்தம் போடுவதில்லை. அன்றன்றைக்கு வேண்டியதைக் காய்ச்சி, மெல்லியதாகப் பூசி, பீரோவைச் சுத்தமாக வைக்கச் சொல்லுகிறேன்.

டேப்பைவிட என்னைக் கலங்க வைப்பது லேமினேஷன். 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டபோது கோட்டூர்புரத்திலும் அதைச் சுற்றியும் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, பத்திரமும் சான்றிதழும் ஊறின. அரசு முகாம் போட்டுச் சான்றிதழ்களுக்கு நகல் கொடுத்தது. தப்பித்த அசல்களைக் காயவைத்த பலர், இனி ஈரமே படக் கூடாது என்று தி.நகரில் கடை தேடிப் போய் லேமினேட் செய்துவிட்டார்கள். அந்தப் பதற்றம் எனக்குப் புரிகிறது. ஆனால் அங்கே சூட்டில் உருகும் பிளாஸ்டிக் பசை தாளின் இரண்டு பக்கமும் முழுசாக ஒட்டுகிறது. டேப் என்றால் ஒரு விரற்கடை. இது தாள் முழுவதும். பிரிக்கச் சொல்லி என்னிடம் வருகிற லேமினேஷன்களில் பெரும்பாலானவற்றை நான் தொடுவதே இல்லை. காப்பகத் தரத்துப் பாலியெஸ்டர் உறைக்குள் தாளை வெறுமனே செருகி வைத்தால் போதும், ஒட்டவே வேண்டாம்.

தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ரோஜா முத்தையா ஆயுள் முழுவதும் சேர்த்த நாடக நோட்டீசு, சினிமாப் பாட்டுப் புத்தகம், கல்யாண அழைப்பிதழ், குஜிலிப் பிரசுரம் எல்லாம் 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தின் உதவியால் 1994இல் ஒரு நூலகமாயின. 1812இல் தொடங்கிய, கல்லூரிச் சாலையில் இருக்கும் மெட்ராஸ் லிட்டரரி சொசைட்டி, பழைய புத்தகங்களைச் செப்பனிட ஆகும் செலவை வாசகர்கள் ஏற்றுக்கொள்ளும் தத்தெடுப்புத் திட்டம் நடத்துகிறது. பெரிய மனிதர்களின் நூல்களை மட்டுமல்ல, தெருவில் விநியோகித்த நோட்டீசையும் காப்பாற்ற வேண்டும் என்பதை இவர்கள் செய்து காட்டியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட தாள்தான் நம் வீட்டுப் பீரோவிலும் இருக்கிறது. அதைக் காப்பாற்ற நம்மைத் தவிர வேறு யாரும் இல்லை.

ஆகவே வாசகர்களிடம் கேட்டுக்கொள்வது இது. இந்த வாரம் பீரோவைத் திறந்து, டேப் ஒட்டிய தாள்களைத் தனியே எடுங்கள். பழுப்பானதைப் பார்த்து வருத்தப்பட்டு நேரத்தைப் போக்க வேண்டாம்; அதை ஒரு சுத்தமான உறையில் போட்டு வையுங்கள். பிசுபிசுக்கிறதும் பளிச்சென்று இருக்கிறதும்தான் அவசரம். அவற்றை நீங்களே உரிக்காதீர்கள். ஹேர் டிரையர், பெட்ரோல், நெயில் பாலிஷ் ரிமூவர், தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு தாளுக்கும் நடுவில் சிலிகான் பூசிய பேக்கிங் தாளை வைத்து, கல்நார் கூரைக்குக் கீழேயோ சமையலறைச் சுவரை ஒட்டியோ இல்லாமல் குளிர்ச்சியான அலமாரியில் படுக்கவைத்து, தொழில் தெரிந்தவரிடம் காட்டுங்கள். கோடைக்கு முன்னால் காட்டுங்கள்.